தனியாக வருபவர்களுக்கு வராத நோய்

தனியாக மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை என்று கைநூல் சொன்னது.

சுகிர்தா அந்த வரியைப் படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். வரி மாறவில்லை. உறவினர் இருவர், மூவர் சூழ வருகிறவர்களுக்கு வரும். ஒண்டியாக வந்து வரிசையில் நிற்பவர்களுக்கு வராது. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வந்ததாகப் பதிவே இல்லை. காற்றில் பரவும் நோய் உண்டு, தண்ணீரில் பரவுவது உண்டு. கூட வரும் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு உடம்புக்குள் நுழையும் நோயை அவள் எந்த வகுப்பிலும் படித்ததில்லை.

கைநூலைச் சந்தேகப்படவும் அவளுக்கு மனம் வரவில்லை. அது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கருவி. மருத்துவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவார்கள். இப்படிப்பட்ட கருவிகளில் ஆரம்ப காலத்தில் புத்தகத்தில் இருப்பதுதான் இருந்தது: எந்த மருந்து எவ்வளவு, எதை எதோடு சேர்க்கக் கூடாது, குழந்தைக்கு என்றால் எவ்வளவு குறைக்க வேண்டும். நோயாளி முன்னால் உட்கார்ந்து தடித்த புத்தகத்தைப் புரட்டும் சங்கடம் தீர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு புத்தகம் திருந்தி வர நாலைந்து வருடம் ஆகும். நோய்கள் அதுவரை காத்திருப்பதில்லை. ஆகவே அடுத்து வந்த கைநூலுக்கு வேறொரு வேலை கற்றுக்கொடுத்தார்கள். மேற்கு மாவட்டங்களின் மருத்துவமனைகளில் எழுதப்படும் ஒவ்வொரு பதிவையும் அது படிக்கும். பல ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத பல மருத்துவர்கள், ஒரே மாதிரித் தொந்தரவுக்கு ஒரே பெயரை எழுதி, ஒரே மருந்தைக் கொடுத்து, நோயாளிகளின் போக்கும் ஒன்றுபோலவே இருந்தால், ‘இது ஒரு நோய்’ என்று அது முடிவு செய்யும். தானே அதற்கொரு பக்கம் எழுதிக்கொள்ளும். ஒருமுறை மலையடிவாரத்துப் பூச்சிக்கடிக் காய்ச்சல் ஒன்றை, மருத்துவர்கள் கூடிப் பேசுவதற்கு முன்பே அது கண்டுபிடித்துப் பக்கம் போட்டுவிட்டது. அந்தப் பக்கத்தால் பிழைத்தவர்கள் பலர். சுகிர்தாவோடு படித்த எல்லோரும் புத்தகத்தை நம்பியதைவிடக் கைநூலை அதிகம் நம்பினார்கள்.

அவள் நாகர்கோவில்காரி. செங்காட்டுப்பாளையத்தில் இருந்த அறக்கட்டளை மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் கையில் இப்போது இருந்தவர் நாச்சிமுத்து. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குச் சொந்தக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வயிற்றுவலி, மெலிவு, மலம் கறுத்துப் போவது என்று வந்திருந்தார். உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் ஒரு புண் தெரிந்தது. அதிலிருந்து ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளிக் கோயம்புத்தூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் கைநூல் சொல்லிவிட்டது: நாட்பட்ட இரைப்பை இறுக்கம். பொருத்தம் மிக அதிகம்.

பக்கம் நன்றாகத்தான் எழுதப்பட்டிருந்தது. சதைப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அப்படியொரு முடிவு பதிவாவதே இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாகச் சொட்டு மருந்து. தொடங்கும் முன் உறவினரை அறைக்கு வெளியே அழைத்துப் பேசவும். நோயாளி விரும்பியதைச் சாப்பிடக் கொடுக்கவும். சொட்டு மருந்தின் பெயரைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து. ஆனால் புற்றுநோய் மருந்துகள் சிலவற்றைச் சிறிய அளவில் மூட்டுவாதத்துக்கும் தோல் நோய்க்கும்கூடக் கொடுப்பதுண்டு. அதுபோல இதுவும் ஏதோ ஒன்றாக இருக்கலாம். தான்தான் வகுப்பில் தூங்கியிருக்க வேண்டும்.

“ஏனுங் டாக்டரம்மா, நாளைக்கு ஊசி மருந்து ஏத்தறதாச் சொன்னாங்க, எனக்கு என்னன்னு பேருங்?” என்று நாச்சிமுத்து கேட்டார். பக்கத்தில் மனைவி பூங்கொடியும் அவள் தம்பி தங்கராசும் நின்றிருந்தார்கள்.

“இரைப்பை இறுக்கம்னு வந்திருக்கு. உங்க போன்லயும் வந்திருக்குமே.”

“வந்துச்சுங், வந்துச்சுங்” என்றார் அவர். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தங்கராசு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பூங்கொடி கணவரின் போர்வையை, அது சரியாகவே இருந்தபோதும், இழுத்து விட்டாள்.

மறுநாள் காலை, கேட்டால் கேவலமாக இருக்குமே என்ற தயக்கத்தை விட்டுவிட்டு, சுகிர்தா தலைமை மருத்துவர் சென்னியப்பனின் அறைக்குப் போனாள். அவர் வேர்க்கடலையை உரித்து டீக்குத் துணையாக மென்றுகொண்டிருந்தார்.

“சார், இந்த இரைப்பை இறுக்கம் எந்தப் புத்தகத்துல சார் இருக்கு? நான் தேடாத இடமில்ல.”

“புத்தகத்துல எங்கம்மா இருக்கும்? நாங்க வெச்ச பேரு அது.” அவர் சிரித்தார். “உக்காரு. நீ புதுசு, உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இந்த ஊர்ல ஒருத்தருக்குக் கேன்சர்னு தெரிஞ்சா மொதல்ல யாருகிட்டச் சொல்லுவோம்?”

“கூட வந்தவங்ககிட்ட.”

“அவங்க உடனே என்ன கேப்பாங்க?”

“அவருக்குத் தெரிய வேண்டாம்னு.”

“ஆச்சா! முன்னெல்லாம் அது சுலபம்மா. வாயில ஒண்ணு சொல்லுவோம், சீட்டுல ஒண்ணு எழுதுவோம். எங்க கையெழுத்து எங்களுக்கே வெளங்காது. அப்புறம் சட்டம் வந்துபோச்சு. நோயாளியோட பதிவு நோயாளிக்கே சொந்தம். நான் இங்க எழுதி விரலை எடுக்கறதுக்குள்ள, அவரு போன்ல, அவருக்குப் புரியற தமிழ்ல வந்து நிக்குது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனா வெளிய ஒரு பொம்பளை கையைப் புடிச்சு அழுதுட்டு நிக்கறா, சொல்லிப்போட்டீங்கன்னா அன்னிக்கே படுத்துருவாருன்னு. என்ன பண்றது? பதிவுலயே எழுதற மாதிரி ஒரு பேரு வேணும். நாலஞ்சு டாக்டருங்க சேர்ந்து ஒரு கூட்டத்துல டீ குடிக்கறப்ப வெச்சோம். அப்படியே சுத்துப்பட்டுல எல்லாரும் புடிச்சுக்கிட்டாங்க.”

“வயித்துக்கு மட்டுந்தானா சார்?”

“கல்லீரலுக்கு வாட்டம். நுரையீரலுக்குத் தேக்கம். ரத்தத்துக்கு ஒருத்தரு என்னமோ வெச்சாரு, வாயிலயே நுழையாது. அதை யாரும் எழுதறதில்ல.” அவர் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். “அசல் முடிவு பூட்டின கோப்புல இருக்கும். டாக்டருங்க மட்டும் பாக்கலாம்.”

சுகிர்தாவுக்கு மெல்ல மெல்ல அந்த வினோத வரி விளங்க ஆரம்பித்தது. தனியாக வருபவருக்காகக் கெஞ்ச யாருமில்லை. அவர்களுக்கு நேரடியாகக் கேன்சர் என்றே எழுதிவிடுகிறார்கள். டாக்டரையும் நர்ஸையும் ஏமாற்ற முடியாது. ஆகவே அவர்களுக்கு ‘இறுக்கம்’ வருவதில்லை.

“அந்தப் பூட்டின கோப்பைக் கைநூல் படிக்குமா சார்?”

“அதெப்படிப் படிக்கும், அதுக்கு அனுமதியே...” சென்னியப்பனின் விரல்கள் கடலைத் தோலோடு நின்றன. “ஏம்மா கேக்கற?”

“மூணாம் நம்பர்ல நாச்சிமுத்துன்னு ஒருத்தர் இருக்கார். அவருக்கு இறுக்கம்னு எழுதினது நீங்கதான சார்?”

“இல்லையே. நீதான எழுதின? நீ எழுதியிருக்கறயேன்னுதான் நான் ஒப்புதல் போட்டேன்.”

“நான் எழுதல சார். கைநூலே சொல்லி, பதிவுலயும் ஏத்திடுச்சு. நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதினால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கேன்சர் இருக்கும். கைநூல் எழுதியதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? வயிற்றுவலிக்காரர் ஒருவர் மனைவியோடும் மச்சானோடும் வந்திருக்கிறார், அவ்வளவுதான். சதைப் பரிசோதனை முடிவு ஏன் பதிவாவதில்லை என்று அதற்குத் தெரியாது. பதிவாகாததால் அது தேவையில்லை என்று புரிந்துகொண்டது.

சுகிர்தா ஓடினாள். மூன்றாம் அறையில் சிஸ்டர் ரூபாவதி உப்புநீர் பாட்டிலை ஏற்றிவிட்டு, மருந்து பாட்டிலைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எறக்குங்க சிஸ்டர். இன்னிக்கு வேண்டாம்.”

“ஏனுங் டாக்டர், ஆர்டர் வந்துச்சுங்களே?”

“வேண்டாம்னா வேண்டாம்.”

நாச்சிமுத்து கம்பியில் இருந்து இறங்கும் பாட்டிலையும், மூச்சு வாங்க நிற்கும் டாக்டரையும் பார்த்தார். “மருந்துக்கே வேலை இல்லாமப் போச்சுங்களா?” என்று மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டார்.

கைநூலைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு அன்று மதியம் சுகிர்தா பேசினாள். தஸ்லீமா என்கிற பெண் எடுத்தாள். பதிவுகளிலிருந்து உருவாகும் பக்கங்களைக் கவனிப்பது அவள் வேலை. முழுக்கதையையும் கேட்டுக்கொண்டாள்.

“அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க” என்றாள் சுகிர்தா.

“எடுத்துடலாம் மேடம். ஆனா அந்தப் பேரோட இப்ப நெறைய பேர் இருக்காங்க. பக்கம் போச்சுன்னா அவங்க எல்லார் போன்லயும் அந்த எடம் காலியா ஆயிடும். என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. யாரு பதில் சொல்றது, நீங்களா நானா?”

சுகிர்தா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“இன்னொண்ணும் இருக்கு மேடம். சொல்லலாமான்னு தெரியல. நேரடியாக் கேன்சர்னு எழுதினவங்களை விட இறுக்கக்காரங்க நல்லா சாப்பிடறாங்க. நல்லா தூங்கறாங்க. கொஞ்சம் கூடுதல் நாள் இருக்கவும் செய்யறாங்க.”

“அது பேரால இல்லம்மா. பாத்துக்க வீட்ல ஆள் இருக்கறதால. ஆள் இல்லாதவங்களைத்தான் நேரடியா எழுதறோம், அவங்க எப்படி நல்லா சாப்பிடுவாங்க?”

“ஆமால்ல” என்றாள் தஸ்லீமா. பிறகு, “ஆனா பேராலயும் இருக்கலாம்ல மேடம்?”

இருக்கலாம். இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருகிறபோது, எது எதனால் என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. ஆள் இருந்தும் உண்மை சொல்லப்பட்டவர் வேண்டும். ஆள் இல்லாமல் பொய் சொல்லப்பட்டவர் வேண்டும். அப்படி ஒருவர்கூடப் பதிவுகளில் இல்லை. கடைசியில், புதிதாக யாருக்கும் அந்தப் பெயரைக் கைநூல் சொல்லாது, பழையவர்களுக்கு இருப்பது இருக்கட்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். இது சரியா தவறா என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை. நாச்சிமுத்துவின் முடிவு வரட்டும், ஒரு மனிதரையாவது சரியாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

முடிவு வந்தது. புற்று அணுக்கள் இல்லை. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் சாதாரணக் கிருமி இருந்தது. இடுப்பு வலிக்காக வருடக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்ட வலி மாத்திரைகள் புண்ணைக் கிளறியிருந்தன. இரண்டு வாரம் மாத்திரை. வலி மாத்திரையை நிறுத்தினால் போதும். சுகிர்தாவுக்கு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்ட வேண்டும்போல இருந்தது.

“உங்களுக்கு இறுக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று அறைக்குள் நுழையும்போதே சொன்னாள். “வெறும் அல்சர். மாத்திரையிலயே ஆறிடும்.”

நாச்சிமுத்து அவளைப் பார்த்து, குழந்தையைப் பார்ப்பதுபோலக் கனிவாகச் சிரித்தார். “சரிங் டாக்டரம்மா. நீங்க சொன்னாச் சரிங்.”

பூங்கொடி அவள் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நீங்க நல்லா இருக்கோணுமுங். எத்தன அழகாச் சொன்னீங்க! அவரு நம்பிட்டாருங். இப்ப எங்கிட்டச் சொல்லுங்க, நாந் தாங்கிக்கறேன். எத்தன மாசமுங்?”

“மாசமா? ரெண்டே வாரம்தான்.”

பூங்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ, மாத்திரை! மாத்திரைதான் ரெண்டு வாரம்!” சுகிர்தாவும் பக்கத்தில் குந்தி, கைநூலில் பரிசோதனை முடிவைத் திறந்து காட்டினாள். “இங்க பாருங்க. புற்று இல்லன்னு எழுதியிருக்கு.”

பூங்கொடி அதைப் பார்க்கக்கூட இல்லை. “எங்க மூத்தாரு, இவருக்கு அண்ணன், அவருக்கும் இதே வலிதானுங். இதே இறுக்கமுன்னாங்க. அவருக்கும் இப்பிடித்தானுங் ஒரு காயிதம் குடுத்தாங்க, ஒண்ணுமில்லீன்னு. அந்தக் காயிதத்தைச் சட்டைப்பைல வெச்சுக்கிட்டே போய்ச் சேந்துட்டாருங்.”

சுகிர்தா நேராகச் சென்னியப்பனிடம் போனாள். “பரிசோதனை முடிவைக்கூடவா சார் மாத்திக் குடுப்பீங்க?”

“அதை மாத்தாம மத்ததை மாத்தி என்னம்மா பிரயோசனம்?” என்றார் அவர் பரிதாபமாக.

இந்த ஊரில் கேன்சர் என்றால் டாக்டர் வந்து, ஒன்றுமில்லை, வெறும் புண்தான், ஆறிவிடும் என்று சிரித்த முகமாகச் சொல்லுவார். ஒன்றுமே இல்லாமல் வெறும் புண்ணாக இருந்தாலும் அதையேதான் சொல்ல முடியும். அதே வார்த்தை, அதே காகிதம், அதே சிரிப்பு. இறுக்கம் என்றால் என்ன என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நோயாளிக்கும் தெரிந்திருந்தது. நோயாளிக்குத் தெரியாது என்று நம்புவதுபோல மற்றவர்கள் நடந்துகொண்டார்கள். நம்புகிறார்கள் என்று நம்புவதுபோல அவரும் நடந்துகொண்டார்.

சென்னியப்பனே நேரில் வந்து சொல்லிப் பார்த்தார். அவ்வளவு பெரிய டாக்டரே வந்துவிட்டார் என்றால் நிலைமை கைமீறிவிட்டது என்று தங்கராசு முடிவு செய்தான். நாச்சிமுத்துவை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அவர் ரிக் வண்டிச் சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டதாகவும், சொந்தக்காரர்கள் பலகாரத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போவதாகவும், பத்து வருடமாகப் பேசாதிருந்த பங்காளி ஒருவர்கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டு போனதாகவும் சிஸ்டர் ரூபாவதி சேதி கொண்டுவந்தாள். “வீட்டுல ஒரு சொல்லு எதுத்துப் பேசறதில்லீங்களாமா. அவரு டிவியில எதை வெச்சாலும் எல்லாரும் அதையே பாக்கறாங்களாமா.”

“மாத்திரை சாப்பிடறாரா?”

“அதைக் கேக்கலீங்களே டாக்டர்.”

கேட்டிருக்க வேண்டும். அடுத்த வாரத்திலேயே அவரை ஆம்புலன்சில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தமாக வாந்தி எடுத்திருந்தார். புண் பழைய அளவைவிடப் பெரிதாகி ஒரு ரத்தக் குழாயை அரித்திருந்தது. சென்னியப்பன் குழாய் வழியாகவே அதை அடைத்தார். ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் நாச்சிமுத்து கண் விழித்தபோது, சுகிர்தா பூங்கொடியின் ஒயர் கூடையில் இருந்த மாத்திரைகளை எடுத்துப் பார்த்தாள். அவள் எழுதிக்கொடுத்தது அப்படியே, ஓர் அட்டைகூடப் பிரிக்காமல் இருந்தது. அதன் அடியில் வலி மாத்திரை அட்டைகள் கிடந்தன. எல்லாம் காலி.

“இது என்னது?”

“இடுப்பு வலிங் டாக்டரம்மா” என்றார் நாச்சிமுத்து ஈனமான குரலில். “ரிக்குல குலுங்குன ஒடம்புங். இனிமேத்து அதைப் போட்டா என்னங், போடாட்டி என்னங்? விடுங்க.”

சுகிர்தா அதுவரை யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. நோயாளிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது எல்லாம், நாகர்கோவிலை விட்டு வந்தபிறகு பழகிக்கொண்ட பொதுத்தமிழ் உட்பட, அந்த நிமிடம் எங்கோ போய்விட்டது.

“ஒமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு ஓய்? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா? ஒரு சொல்லு செவியில ஏறிச்சா? சின்னப் புண்ணு! தொட்டா ஆறிப்போற புண்ணு! அதுக்குத் தந்த மருந்தக் கூடைக்குள்ள பொதிஞ்சு வச்சுக்கிட்டு, தின்னாதேன்னு சொன்னத அள்ளி அள்ளித் தின்னிருக்கீரு. சாவு வரலன்னு வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுதீரா? நாலு பாட்டிலு ரெத்தம் ஏத்தியிருக்கு. ரெத்தம் என்ன, உம்ம ரிக்கு வண்டியக் கொண்டு தோண்டுனா வருமா? இனி ஒருக்க இந்த எளவெடுத்த மாத்திரையத் தொட்டீருன்னா, இந்த ஆஸ்பத்திரி நடையில கால வைக்கப்பிடாது. ஆமா, சொல்லிட்டேன்!”

எதிர்க் கட்டிலில் இருந்தவர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரத்தம் கக்கிப் பிழைத்துக் கிடக்கும் மனிதரிடம் இப்படிக் கத்திவிட்டோமே என்று சுகிர்தாவுக்கு இருந்தது. மன்னிப்புக் கேட்கலாமென்று வாயைத் திறந்தாள்.

நாச்சிமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் மெல்ல ஏதோ மாறிற்று.

“பூங்கொடி” என்றார்.

“என்னங்.”

“டாக்டரம்மா என்னையத் திட்டறாங்க பாத்தியா?”

“பாத்தனுங்.”

“சாவப்போற ஆளை யாராச்சும் இப்பிடித் திட்டுவாங்களா?”

பூங்கொடி டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். சிவந்த மூக்கு, கலைந்த முடி, இன்னும் ஆறாத கோபம். திடீரென்று கணவர் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங், மனுசந்தானுங்களா நீங்க? பாலும் பழமுமா உங்களுக்கு ஊட்டிப்போட்டு, நான் சுவத்தப் பாத்து அழுதுட்டுக் கெடக்கறனுங். அந்த டிவிச் சனியனை எந்நேரமும் அலற வுட்டீங்க, வாயத் தொறந்தனுங்களா? வண்டிச் சாவிய எந்தம்பிகிட்டத் தூக்கிக் குடுத்தீங்களே, அவனுக்கு ரிவர்சே எடுக்கத் தெரியாதுங்! மொதல்ல அதைத் திருப்பி வாங்குங்க! வாயத் தொறங்க, மாத்திரையப் போடுங்க!”

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். கண்ணில் நீர் வழிய, சிரித்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினார். இரண்டு வாரம் விடாமல் சாப்பிட்டார். புண் ஆறியது. வண்டி மறுபடி அவர் கைக்கு வந்தது.

விசயம் ஊரெல்லாம் பரவியது. நாகர்கோவில் டாக்டரம்மா திட்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். புறநோயாளிப் பிரிவில் சாதாரண வயிற்றுவலிக்காரர்கள், அவள் குரலை உயர்த்தும்வரை எழுந்து போக மறுத்தார்கள். சென்னியப்பனும் தன் பங்குக்கு அல்சர்க்காரர்களைக் கடிந்துகொள்ள ஆரம்பித்தார். அவருக்கு அது நன்றாகவும் வந்தது. பக்கத்து ஊர் மருத்துவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று செய்து பார்த்தார்கள். கடிந்துகொண்டதைப் பதிவில் எழுதவும் செய்தார்கள். சில மாதங்களில் கைநூலின் வயிற்றுப்புண் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: உரத்த குரலில் கண்டிக்கப்பட்டவர்கள் மாத்திரையை ஒழுங்காக உட்கொள்கிறார்கள். சுகிர்தா அதைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். ஒரு பொய்யான பக்கம் முடங்கி, ஓர் உண்மையான வரி வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

ஆடி மாதத்தில் அர்த்தநாரி என்பவர் வந்தார். மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர். கூட மகள் கோமதியும் மருமகனும். வயிற்றில் வலி, மெலிவு. அவர் சதைப் பரிசோதனை முடிவு வந்தபோது சுகிர்தா அதை மூன்று தடவை படித்தாள். புற்று. கல்லீரலுக்கும் பரவியிருந்தது. செய்வதற்கு அதிகம் இல்லை.

கோமதியை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னாள். அழுகை அடங்கும்வரை நின்றாள். அடுத்து என்ன கேட்பாள் என்று தெரியும். அதற்கான பதிலையும் அவள் பல நாளாக யோசித்து வைத்திருந்தாள். அவருக்கே சொல்லிவிடுவோம், நான் பக்குவமாகச் சொல்கிறேன், நீங்களும் கூட இருங்கள்.

கோமதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “டாக்டரக்கா, நீங்க அப்பாவத் திட்டோணுமுங்.”

“என்ன?”

“அந்த ரிக் வண்டிக்காரரைத் திட்டுனீங்களாமா, உங்க ஊருப் பேச்சுல. அப்பிடியே திட்டுங்க. நெசமாட்டம் இருக்கோணும். அப்பா காலைலருந்து அதையேதான் எதிர்பாத்துட்டு இருக்காரு.”

சுகிர்தா கழுத்தில் தொங்கிய கைநூலை எடுத்து, எதற்கென்று தெரியாமலே, இரைப்பை இறுக்கத்தின் பழைய பக்கத்தைத் திறந்தாள். அறிகுறிகள், மருந்துகள், வலிநீக்கிகள் எல்லாம் இருந்தன. கீழே, புதிதாக: உறவினருடன் வரும் நோயாளிகளை உரத்த குரலில் கண்டிக்கவும். நல்ல பலன் காணப்படுகிறது.

அப்படியானால் வேறு ஊர்களில் கேன்சர்க்காரர்களையும் ஏற்கெனவே திட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அவள் அறைக்குள் போனாள். என்ன செய்யப் போகிறோம் என்று கட்டிலை அடையும்வரை அவளுக்குத் தெரியாது. அர்த்தநாரி தலைசீவி, சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில், திட்டு வாங்கத் தோதாக, யார் கண்ணிலும் தப்பாதபடி, தண்ணீர்ச் சொம்புக்கு முன்னால் ஒரு பீடிக்கட்டை வைத்திருந்தார். மகளும் மருமகனும் வாசலில் நின்றார்கள். அர்த்தநாரி அவள் முகத்தைப் பார்த்தார். பீடிக்கட்டைப் பார்த்தார். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார்.

சுகிர்தா மூச்சை இழுத்தாள். நாக்கு நுனிவரை ஊர்ப்பேச்சு வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்த குரல் அவள் நினைத்த குரலாக இல்லை.

“வலி ரொம்ப இருக்காய்யா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அர்த்தநாரி கையை நீட்டி, மேசையிலிருந்த பீடிக்கட்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.